பேரனுக்குப் பேர்ப் பொருத்தம்

ஏலே, இங்க வா. ரெண்டு காதுலயும் கவுத்தி வச்சிருக்கியே செரட்டை, அதை மொதல்ல கழட்டு. உங்க ஆத்தா நேத்து எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்துதா. நாலு நாளா நீ சரியாச் சாப்பிடலையாம், ராத்திரி மூணு மணி வரைக்கும் ரூம்புல லைட்டு எரியுதாம். பய எங்கயோ மனசை விட்டுட்டான்னு நெனச்சு, மெதுவா வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். நீ நோட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு பேர் எழுதிக்கிட்டிருக்க. கட்டிக்கப்போற பிள்ளை பேரா இருக்கும்னு சந்தோசப்பட்டேன். நீ குளிக்கப் போனப்ப வாசிச்சுப் பாத்தா, அம்புட்டும் ஒம் பேரு.

கோவிச்சுக்காத. கானாவுக்கு 'கானா கருப்பு'. சாமி பாட்டுக்கு 'ஸ்ரீ கருப்பதாசன்'. மழை பெய்ற சத்தத்துக்கு மேல ஒரு பியானோவைச் சொட்டு விட்டு, கேக்கவனைத் தூங்கவச்சு அனுப்புவியே, லோ-ஃபை, அதுக்கு 'நீலாம்பல்'. விடிய விடிய டமார் டமார்னு அடிக்கிற டெக்னோவுக்கு மட்டும் இங்கிலீசுல அஞ்சு எழுத்து, அதுல ஒரு உயிரெழுத்துகூட கெடையாது. 'க்ர்ப்ப்ன்'னு வாசிக்கணுமாம். மெய்யி மட்டும் கெடக்கு, உயிரைக் காணோம்னா அதுக்கு நம்ம ஊர்ல வேற சொல்லு இருக்கு. தூக்கதுக்கு நாலு பேர் வேணும். அதான் நாலு பேர் வச்சிருக்கியோ என்னமோ.

பேர் நாலு ஆச்சு, பாட்டு எத்தனை ஆச்சுன்னு கேட்டதுக்கு என்ன சொன்ன? 'ஒண்ணுல ரெண்டரை நிமிசம் முடிஞ்சிருக்கு தாத்தா'ன்ன. நல்லது. அம்மி ரெடி, குழவி ரெடி, தேங்கா இன்னும் மரத்துல நிக்கி.

சரி, பேர் விசயம்னு வந்ததால ஒண்ணு கேக்கேன். உனக்கு இப்பவே எத்தனை பேர் இருக்குன்னு எண்ணியிருக்கியா? பேரன்னா என்னலே அர்த்தம்? பெயரன். தாத்தன் பேரைச் சொமக்கவன். எம் பேரு கருப்பசாமி, அதனால நீயும் கருப்பசாமி. ஆனா மாமனார் பேரை உங்க ஆத்தா வாயால சொல்லமாட்டா. பெத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாம 'சின்னவனே'ன்னா. உங்க ஆச்சி புருசன் பேரைச் சொல்லமாட்டா, அவ 'ராசா'ன்னா. பள்ளிக்கூடத்துல இன்சியலோட கூப்பிட்டாக. கூட்டாளிக 'கருப்பு'ன்னானுக. வேப்பங்குச்சியை ஒடிச்சுக்கிட்டு உங்க அப்பன் வெரட்டும்போது கூப்பிட்ட பேரை இப்ப சொல்லவேண்டாம், விருந்தாளி இருக்காக. இடத்துக்கு ஒரு பேரு, எந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பிப் பாக்கது ஒரே ஆளு. தொட்டில்லயே பழகின வித்தையைத்தான் நீ இப்ப என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி நோட்டுப் போட்டு எழுதுத.

பேர் மாத்தி வைக்கது பாவம்னு நான் சொல்லவரல. நம்ம பக்கம் தீப்பெட்டி ஆபீசு இல்லாத தெரு உண்டா? உங்க ஆச்சி பெட்டி ஒட்டித்தான் உங்க அப்பனைப் படிக்கவச்சா. ஒரே குச்சி, ஒரே மருந்து. வடக்க போற பெட்டிக்கு ஒரு லேபிளு, மேற்க போற பெட்டிக்கு ஒரு லேபிளு. ஒண்ணுல மயிலு, ஒண்ணுல கப்பலு, ஒண்ணுல சாவி. வாங்குதவன் அவன் ஊருல பழகின படத்தைப் பாத்து வாங்குவான், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனா குச்சிக்கு மருந்து முக்காம லேபிளை மட்டும் அச்சடிச்சு அடுக்கி வச்சிருக்க ஆபீசுல போயி ஒரு பீடிகூட பத்தவைக்க முடியாது பாத்துக்க.

பாட்டைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு மூஞ்சியைச் சுளிக்காத. உனக்கு ராகம் தாளம் தெரியும். எனக்குக் கேக்கவனைத் தெரியும். முப்பது வருசம் இந்தச் சுத்துப்பட்டிக்குக் குழாய் கட்டுனவன் நான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் இந்தக் கருப்பசாமி ரேடியோ செட்டுதான்.

கொடைன்னா செவ்வாக்கெழமை. விடியக்காலம் நாலு மணிக்கு, கோழி கூவுறதுக்கு முன்னால, வேப்பமரத்து உச்சியில கட்டுன குழாயில எல்.ஆர். ஈஸ்வரியம்மாவை விடுவேன். மாரியம்மன் பாட்டு. கெழவிக அரைத் தூக்கத்துலயே கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு வாசல்ல சாணி தெளிப்பாளுக. ஒருத்தி ரெண்டு பேருக்கு அங்கேயே சாமி வந்துரும், வாளியைக் கீழ போட்டுட்டு ஆடுவா. அதே செவ்வாக்கெழமை ராத்திரி, பூசையெல்லாம் முடிஞ்சு, பெரியாளுக கட்டையைச் சாச்சப்பெறகு, எளவட்டங்க வந்து எங் காதுல கிசுகிசுப்பானுக: 'மாமா, அந்தக் கிளப் டான்ஸ் பாட்டு.' அதுவும் ஈஸ்வரியம்மாதான். அதே தொண்டை. உறையில அதே பேரு, அதே எழுத்து. விசில் பறக்கும். காலையில சாமியாடுன கெழவி திண்ணையில படுத்துக் கெடந்தே அதைக் கேட்டுட்டு, 'பாதகத்தி என்னமா இழுக்கா'ன்னு வெத்தலையைத் துப்பிட்டுச் சிரிப்பா. அம்மனும் கோவிச்சுக்கிட்ட மாதிரி தெரியல. அந்தந்த வருசம் மழை பேஞ்சுது.

கந்தூரிக்கு நாகூர் ஹனிபா பாட்டு வைப்பேன். தேர்தல் வந்தா தி.மு.க. மேடைக்கும் அதே ஹனிபா, அதே வெங்கலத் தொண்டை. ஓட்டுக்கு ஒரு பேரு, ஓதுதுக்கு ஒரு பேருன்னு அவரு பிரிச்சுக்கிடல. சீர்காழி கோவிந்தராஜன் கச்சேரியிலயும் சீர்காழிதான், சினிமாவுலயும் சீர்காழிதான், முருகன் சன்னதியிலயும் சீர்காழிதான். அம்புட்டு எதுக்கு, நம்ம தாமிரவருணிக் கரை காருக்குறிச்சி அருணாசலம். கோயில்லயும் கல்யாண வீட்டுலயும் ஊதுன அதே நாயனத்தைத்தான் 1962ல 'கொஞ்சும் சலங்கை' படத்துல ஜானகியம்மா குரலோட சரிக்குச் சரி ஓடவிட்டாரு. சினிமாவுக்கு மட்டும் 'சீவாளி சிங்காரம்'னு தனியா ஒரு பேரு வச்சுக்கிட்டாரா?

ஆனா ஒரு கதையை மறைச்சா அது நியாயமில்ல. ஒரே பேரா இருந்ததால நான் செருப்படி வாங்கப்போன நாளும் உண்டு. மேலத்தெருவுல ஒரு கல்யாணம். தாலி கட்டி, கெட்டிமேளம் நின்னு, ஒரு நிமிசம் அமைதி. அந்த நிமிசத்துல நல்ல மங்களகரமான பாட்டா விழணும், அதுலதான் ரேடியோ செட்டுக்காரன் தெறமை இருக்கு. நான் ஒரு வெத்தலைக்கு ஒதுங்கியிருந்தேன். எடுபிடிப் பய உறையில 'டி.எம். சவுந்தரராஜன்'னு இருக்கதைப் பாத்துட்டு, சவுந்தரராஜன்னா நல்ல பாட்டுதானேன்னு ஊசியை வச்சுட்டான். அது பொண்டாட்டி செத்து புருசன் பொலம்புற பாட்டு. மாலையும் கழுத்துமா நின்ன பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. தாய்மாமன் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வாரான். நான் ஓடிப்போயி ஊசியைத் தூக்குன தூக்குல பிளேட்டுல ஒரு கோடு விழுந்துபோச்சு. அன்னைக்கு வாடகையில பாதியைப் பிடிச்சுக்கிட்டாக.

அதுக்காக சவுந்தரராஜன் ஐயாவுக்கு எழுதிப்போட்டு, சோகப் பாட்டுக்கு வேற பேர் வச்சுக்கிடுங்கன்னு நான் கேக்கல. நாலு சின்ன டப்பா பெயிண்டு வாங்கியாந்தேன். உறைக்கு மூலையில பொட்டு வச்சேன். மஞ்சப் பொட்டுன்னா கல்யாணம். செவப்பு அம்மன். பச்சை, ராத்திரி பத்து மணிக்கு மேல. கருப்புப் பொட்டு சோகம், அது காதல்ல தோத்த பய காசு குடுத்துக் கேட்டா மட்டும். எழுத்தே தெரியாத எடுபிடிகூட அதுக்கப்பெறகு தப்பு பண்ணல.

இப்ப நீ வாயைத் தொறப்ப. வெள்ளைக்காரன் பேர் மாத்துதானேம்ப. நீதானே போன வாரம் போன்ல காட்டுன, நார்மன் குக்குன்னு ஒரு ஆளு. மொதல்ல ஹவுஸ்மார்ட்டின்ஸ்னு ஒரு குழுவுல பேஸ் கிட்டார் அடிச்சான். பெறகு பீட்ஸ் இன்டர்நேஷனல், ஃப்ரீக் பவர், பிட்ஸாமேன், மைட்டி டப் காட்ஸ், கடைசியா ஃபேட்பாய் ஸ்லிம். 'குண்டுப்பய ஒல்லி'ன்னு அர்த்தமாமே, கேட்டுச் சிரிச்சேன். அந்த நார்மன்ங்கதே வச்சுக்கிட்ட பேருதான், வீட்டுல வச்சது க்வென்டின்னு வேற சொன்ன. சரிதான். ஆனா பாட்டு வகை மாறமாறத்தான் அவன் பேரும் மாறிச்சு. பீட்ஸ் இன்டர்நேஷனல்ங்க பேர்ல போட்ட பாட்டு 1990ல இங்கிலாந்துல மொத இடத்துக்கே போயிருக்கு. அவன் பேருக்கு முன்னால பாட்டு ஓடிச்சு. உனக்குப் பேரு நாலு கால்ல ஓடுது, பாட்டு தவழுது.

காத் புரூக்ஸ் கதையைக் காட்டும்போது மட்டும் நீ வேகமா தள்ளிவிட்ட பாரு, நான் கவனிச்சுட்டேன். அமெரிக்காவுல மாட்டுக்காரத் தொப்பி போட்டுக்கிட்டு நாட்டுப்புறப் பாட்டு பாடுத ஆளு. ஊரே கொண்டாடுது. 1999ல திடீர்னு கருப்பு விக்கு மாட்டி, தாடையில ஒரு சிட்டிகைத் தாடி வச்சு, 'நான் கிறிஸ் கெய்ன்ஸ், ராக் பாடகன்'னு வந்து நின்னாரு. அந்தப் பேருக்குப் பொறந்த கதை, வளந்த கதை எல்லாம் எழுதி, அதைப் படமா வேற எடுக்கப்போறேன்னாங்க. படம் வரவே இல்ல. சனம் 'நம்ம புரூக்ஸுக்கு என்ன ஆச்சு, நல்லாத்தானே இருந்தாரு'ன்னு கேட்டுச்சு. கட்டபொம்மன் கூத்துல நம்ம வாத்தியார் வேசங்கட்டிட்டு வந்தா, 'வாத்தியாரு வந்துட்டாரு'ன்னுதான் நாம கை தட்டுவோம். அந்தக் கதைதான்.

ஸ்னூப் டாக்குன்னு ஒருத்தன் இருக்கானே, அவன்தான் எனக்குப் பிடிச்சவன். பேர்லயே நாயை வச்சுக்கிட்டு ராப்பு பாடினான். ஜமைக்காவுக்குப் போயிட்டு வந்ததும் 2012ல, இனிமே ரெகே பாடப்போறேன், நான் நாய் இல்ல, சிங்கம்னுட்டான். ஸ்னூப் லயன். அடுத்த வருசம் வந்த ஆல்பத்துக்குப் பேரே மறுபிறப்பு. கொஞ்ச நாள்ல சிங்கம் பழையபடி நாயாயிருச்சு. வேசம் கலைஞ்ச நரியைக் காட்டுல அடிச்சுத் தொரத்துனதாத்தான் கதை கேட்டிருக்கோம். இவனை யாரும் தொரத்தல, சிரிச்சுக்கிட்டே திரும்பச் சேத்துக்கிட்டாக. அது அவன் யோகம்.

இவுக எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன் பிரின்ஸு. ரிக்கார்டுக் கம்பெனியோட தகராறு, 1993ல பேரே வேண்டாம்னு ஒரு கோலத்தைப் போட்டு இதுதான் எம் பேருன்னுட்டான். அதை வாயால சொல்ல முடியாது. 'முன்னால பிரின்ஸ்னு அறியப்பட்ட கலைஞர்'னு ஊரே மூச்சு வாங்கிக்கிட்டுச் சொல்லிச்சு. 2000ல பழைய பேருக்கே வந்துட்டான். மைக்குல அறிவிக்கவன் பாட்டை நெனச்சுப் பாரு. 'அடுத்து நம்மிடையே பாட வருபவர்'னு சொல்லிட்டு நான் என்ன பண்ண, மைக்குல கோலம் போடவா? உன்னோட உயிரில்லாத அஞ்செழுத்துக்கும் அதே கதிதான். வாயில வெத்தலை இருக்கும்போது சொல்ல வராத பேரு ஒரு பேராலே?

நம்மாளுக பேர் மாத்தலையான்னா, மாத்துனாக. ஆனா அழகா மாத்துனாக. முத்துசாமி தீட்சிதர் பாட்டுக்குள்ள 'குருகுஹ'ன்னு வரும், சியாமா சாஸ்திரி பாட்டுக்குள்ள 'சியாமகிருஷ்ண'ன்னு வரும். முத்திரைம்பாக. தட்டான் நகையில உள்பக்கமா குறி போடுவானே, அது மாதிரி. பாபநாசம் சிவனை எடுத்துக்க. 1890ல போலகத்துல பொறந்தப்ப வச்ச பேரு ராமையா. மேலெல்லாம் திருநீறு பூசிக்கிட்டு உருகிப் பாடினதைப் பாத்து சனங்க சிவன்னு கூப்பிட்டுச்சு, அவரா வச்சுக்கிடல. கீர்த்தனைக்குள்ள அவரு போடுற முத்திரை ராமதாசன். சினிமாவுக்கு எழுதும்போது பாபநாசம் சிவன். 1944ல 'ஹரிதாஸ்' படத்துக்கு எழுதினதும் அவருதான், அது மூணு தீவாளியைத் தாண்டி ஓடிச்சு. வெளியில சிவன், பாட்டுக்குள்ள ராமனுக்கு அடிமை. ஒரே ஆளு சைவம் வைணவம் ரெண்டையும் கட்டி மேய்ச்சுக்கிட்டு, சினிமாவையும் பாத்துக்கிட்டாரு. நீ 'ஸ்ரீ கருப்பதாசன்'னு வெளிய போர்டு மாட்டுத. அதைப் பாட்டுக்குள்ள வையி, பொருத்தமா இருக்கும்.

கண்ணதாசனும் லேசுப்பட்ட ஆளு இல்ல. முத்தையாங்கவரு பத்திரிகை வேலைக்குப் போன இடத்துல புனைபெயர் என்னன்னு கேக்க, அந்த நிமிசத்துல வாயில வந்ததுதான் கண்ணதாசன். அதுக்கப்பெறகும் வணங்காமுடி, காரை முத்துப்புலவர், கமகப்பிரியா, ஆரோக்கியசாமின்னு கைக்கு வந்த பேர்லயெல்லாம் எழுதித் தள்ளினாரு. எழுதித் தள்ளினாரு, கேட்டுக்கிட்டியா? தள்ளினாரு.

1976ல 'அன்னக்கிளி' பிளேட்டு வந்துச்சு. உறையில பேரைப் பாத்துட்டு, இளையராஜான்னா மூத்த ராஜா யாருன்னு கேட்டேன். ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருக்காரு, கொழம்பிரக்கூடாதுன்னு பஞ்சு அருணாசலம் முன்னால 'இளைய' போட்டாராம். வீட்டுல ஞானதேசிகன், கூப்பிட ராசையா, பாட்டுச் சொல்லிக்குடுத்த தன்ராஜ் மாஸ்டருக்கு ராஜா. மூணும் அடுத்தவன் குடுத்தது. லண்டன்ல டேவிட் ஜோன்ஸ்னு ஒரு பையன், டேவி ஜோன்ஸ்னு இன்னொருத்தன் ஏற்கெனவே பாடிக்கிட்டிருக்கான்னு பேரை டேவிட் போவின்னு மாத்திக்கிட்டானாமே, நீ சொன்னதுதான். பண்ணைப்புரமானாலும் லண்டனானாலும் பேர் இடிச்சா ஒருத்தன் ஒதுங்கணும். அதனால நீயும் மொதல்ல பாட்டு ஏத்தப்போற அந்த ஆப்புல போயித் தேடு, ஒம் பேர்ல எத்தனை கருப்பு இருக்கான்னு. நம்ம ஊர்லயே நாலு கருப்பசாமி, போஸ்ட்மேன் வாரத்துக்கு ஒருக்கா எவன் வீட்டு நகைக்கடன் நோட்டீசையாவது என் கையில குடுத்துட்டுப் போறான். அங்கயும் அதேதான் நடக்கும், ஒம் பாட்டு அவன் பக்கத்துல போயி ஒக்காந்துக்கிடும், அவன் பாட்டு ஒம் பக்கத்துல.

இளையராஜா அதே பேர்ல கிராமத்துப் பாட்டும் போட்டாரு, திருவாசகமும் போட்டாரு, 2025 மார்ச்ல லண்டன்ல சிம்பொனியும் வாசிக்கவச்சாரு. தியாகராஜரையும் பாஹ்னு ஒரு வெள்ளைக்காரரையும் ஒண்ணா ஒக்காரவச்சு 1986ல ஒரு தட்டு போட்டாரே, அதுக்கு என்ன பேரு தெரியுமா? 'ஹவ் டு நேம் இட்'. இதுக்கு என்ன பேர் வைக்கன்னு அர்த்தம்னு போஸ்ட் மாஸ்டர்தான் எனக்குச் சொன்னாரு. வகை தெரியாத பாட்டைப் போட்டுட்டு, வகை தெரியலைன்னு உறையிலயே எழுதினாரு. தன் பேர்ல கை வைக்கல.

மாதங்கின்னு நம்ம தமிழ்ப் பிள்ளை ஒண்ணு லண்டன்ல எம்.ஐ.ஏ.ங்க பேர்ல பாடுதே, அதுக்கும் இந்தச் சூட்சுமம் தெரிஞ்சிருக்கு. 2005ல மொத ஆல்பத்துக்கு அப்பனோட இயக்கப் பேரு, அருளர். 2007ல ஆத்தா பேரு, கலா. பெறகு மாயா, மாதங்கின்னு தன்னோட பேரு ரெண்டையும் வச்சுது. பாடுதவ பேரு ஒண்ணு, ஆல்பத்துக்குத்தான் குடும்ப அட்டையில உள்ள அம்புட்டுப் பேரும். நான் வச்ச பொட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் இந்தக் 'கானா' அடைமொழி. பாட்டு வகையைப் பேருக்கு முன்னால ஒட்டுதது எப்படின்னா, கடை போர்டுல 'புரோட்டா ஸ்டால்'னு எழுதுத மாதிரி. பெறகு நீ இட்லி போட்டா எவனும் எட்டிப் பாக்கமாட்டான். கானா உலகநாதன், கானா பாலா எல்லாம் அந்தப் பாட்டுலயே பொறந்து வளந்தவுக, அவுகளுக்கு அது இன்சியல் மாதிரி. நீ மெட்ராசுக்குப் போனது ஒரே தடவை, அதுவும் பரீட்சைக்கு. கோயம்பேட்டுல எறங்கி அங்கயே பஸ் ஏறிட்ட. ஹிப்ஹாப் தமிழாவைப் பாரு. பேர்ல ஹிப்ஹாப் இருக்கு. 2015ல 'ஆம்பள'யில ஆரம்பிச்சு சினிமாவுக்கு இசை போட வந்தப்பெறகு மெலடியும் வேணும், குத்தும் வேணும், பின்னணியும் வேணும். அந்தப் பயலுக ரெண்டு பேரும் சமாளிச்சுட்டானுக, கெட்டிக்காரனுக. போர்டுல புரோட்டான்னு எழுதிட்டு உள்ள பந்தியே போடுதானுக. எல்லாராலயும் முடியாது. ஒட்டித்தான் ஆகணும்னா ஊர்ப் பேரை ஒட்டு. செம்மங்குடி, லால்குடி, பரவை, கொல்லங்குடி. ஊரு எந்தப் பாட்டுக்கும் மாட்டேன்னு சொல்லாது. புஷ்பவனம்னு ஒரு ஊரு இருக்கதே குப்புசாமி பாடினதுக்குப் பெறகுதான் நமக்குத் தெரியும்.

இனி துட்டு. சிரிக்காத, இங்கதான் நீ நல்லாக் கேக்கணும். பாட்டு போடுதவுகளுக்குத் துட்டு வசூல் பண்ணிப் பிரிச்சுக் குடுக்கிற அந்த ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்கு நீ ஃபாரம் நிரப்பும்போது நானும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துலதான இருந்தேன். 1969லருந்து இருக்க சங்கம். எத்தனை புனைபெயர் வச்சாலும் எழுதிக் குடுக்கச் சொல்லுதான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர் குடுத்து, அத்தனை நம்பரையும் ஒரே ஆளு முதுகுல கட்டிருதான். ராவணனுக்குத் தலை பத்து, வயிறு ஒண்ணு. எந்தத் தலை பாடினாலும் அந்த ஒரு வயித்துக்குத்தான் சோறு. அதனால நீ எத்தனை பேர் வேணும்னாலும் வையி, ஒண்ணையாவது எழுதிக்குடுக்க மறந்தா அந்தத் தலை பட்டினி.

சட்டத்துல இன்னொண்ணு இருக்கு. 1957ல போட்ட காப்பிரைட் சட்டம். சொந்தப் பேர்ல வந்த பாட்டுக்கு, பாட்டுக்காரன் செத்தபெறகும் 60 வருசம் உரிமை. யாருன்னே தெரியாத புனைபெயர்ல வந்தா, பாட்டு வெளிவந்ததுலருந்தே 60 வருசம் எண்ண ஆரம்பிச்சுருவான். அது முடியிறதுக்குள்ள ஆளு யாருன்னு வெளிய சொல்லிட்டா, பழையபடி செத்தபெறகு 60. இப்ப ஒனக்கு 22. நீ 'நீலாம்பல்'னு மறைஞ்சே கெடந்தா, 82 வயசுல நீ திண்ணையில ஒக்காந்திருக்கும்போதே ஒம் பாட்டை எவனும் எடுத்துப் பாடுவான். நீ கேட்டுக்கிட்டு வெத்தலை போட வேண்டியதுதான். ஒம் பேரனுக்கு ஒண்ணும் மிஞ்சாது. பேரனுக்கு என்ன மிஞ்சும்ங்கது தாத்தனா ஆனாத்தான் தெரியும்.

அதுக்காக ஒண்ணே ஒண்ணுதான்னு அடம்பிடிக்கவும் நான் ஆளில்ல. ஒரு எடத்துல ஒம் பக்கம் நியாயம் இருக்கு. அந்த ஆப்பு, ஒரு பேரைப் பிடிச்சு வச்சிருக்கவனுக்கெல்லாம் அந்தப் பேர்ல வர புதுப் பாட்டைக் கொண்டுபோயித் தள்ளுதாம். கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு ஒரு தாயி ஒன்னோட மழைப் பாட்டைக் கேக்கா. பிள்ளை கண்ணு சொருகுது. அடுத்து ஒம் பேர்ல டெக்னோ விழுது. டமார்! பிள்ளை எந்திரிச்சுருச்சுன்னா அந்தத் தாயி சாபத்துல நீ வெளங்கமாட்ட. அங்க என்னோட பெயிண்டுப் பொட்டு செல்லாது, ஊசியைத் தூக்க நானும் பக்கத்துல இல்ல. அதனால தூங்கவைக்கதுக்கு ஒண்ணு, எழுப்பிவிடுதுக்கு ஒண்ணு. ரெண்டு பேர் போதும். கானாவும் சாமி பாட்டும் ஒரே பேர்ல இருக்கட்டும். ஈஸ்வரியம்மாவுக்குக் கோவிச்சுக்கிடாத மாரியாத்தா ஒனக்கா கோவிச்சுக்கிடப்போறா? எழுப்பிவிடுத பேர்ல மட்டும் ரெண்டு உயிரெழுத்தைச் சேத்துரு, புண்ணியமாப் போகும்.

எண்கணிதக்காரன்ட்ட போயி ஒரு 'அ'வைக் கூட்டவா, ஒரு எழுத்தைக் குறைக்கவான்னு கேட்டுக்கிட்டு நிக்காத. திலீப்புங்க பையன் ஒரு ஜோசியர் சொன்ன பேரை எடுத்துக்கிட்டு ரகுமான் ஆனாரே, அது பலிச்சுதேம்ப. அவரு அந்தப் பேர்ல 'ரோஜா'வும் போட்டாருல்லா, அதையும் சேத்துச் சொல்லு.

என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? நாலுல ரெண்டு பேரைப் பிடுங்கிட்டேன்னா? மனசுல உள்ளதைச் சொல்லிருதேன். நோட்டுல நாலு பேரையும் வாசிச்சேன், நாலுலயும் 'கருப்பசாமி' முழுசா இல்ல. ஒண்ணுல பாதி இருக்கு, ஒண்ணுல தாசன் ஆயிருக்கு, ஒண்ணுல உயிர் போயிருக்கு, ஒண்ணுல ஆளையே காணோம். முப்பது வருசம் ஆம்ப்ளிபயர் பெட்டியில பெயிண்டு அடிச்ச பேருலே அது. போயிட்டுப் போகுது.

ஆடி கடைசிச் செவ்வாய் கொடை. இந்த வருசம் குழாய் நம்ம வீட்டுதுதான், பேசி அச்சாரமும் வாங்கிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு பாட்டுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன். அந்த ரெண்டரை நிமிசத்தை முடிச்சு பென்டிரைவுல போட்டுக் கொண்டா. எந்தப் பொட்டுன்னு மட்டும் மூலையில வச்சுக் குடு. பாடினது யாருன்னு மைக்குல நான் சொல்லிக்கிடுதேன்.